டெய்லரில் நிலம் இருக்கிறது: மேனுஃபாக்சர்டு வீடா, மாடுலர் வீடா?

தெக்கத்திக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். டெக்சஸ் மாநிலத்தில் டெய்லர் நகருக்குக் கிழக்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. அதன் மீது கடன் இல்லை. சாம்சங் தொழிற்சாலை வந்த பிறகு அந்தப் பக்கத்தில் வீடு கட்டித் தருபவர்கள் கேட்கும் தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. இரண்டு பாதிகளாக லாரியில் வந்து இறங்கும், டபுள் வைட் எனப்படும் மேனுஃபாக்சர்டு வீடு ஒன்றை நான் பார்த்து வைத்திருக்கிறேன். மாடுலர் வீடுதான் வேண்டும் என்று மனைவி உறுதியாக இருக்கிறார். இரண்டுமே தொழிற்சாலையில் கட்டப்படுபவை, பெரிய வித்தியாசம் இல்லை, கடனையும் தானே முடித்துத் தருவதாக டீலர் சொல்கிறார். நாங்கள் இருவரும் எச்-1பி விசாவில் இருக்கிறோம். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கரிசல்செல்வி:
வித்தியாசம் இல்லை என்று ஒரு டீலர் சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம். மேனுஃபாக்சர்டு வீடு 1974ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டத்தின் கீழ், ஹட் எனப்படும் வீட்டுவசதித் துறை வகுத்து 1976 ஜூன் 15 முதல் நடைமுறையில் இருக்கும் விதிகளின்படி கட்டப்படுவது. அதன் அடியில் இருக்கும் இரும்புச் சட்டகம் அந்த வீட்டின் நிரந்தரமான பகுதி. மாடுலர் வீடு அப்படியல்ல. மனையிலேயே கட்டும் வீட்டுக்கு என்ன கட்டட விதியோ அதே விதிதான் அதற்கும். டெக்சஸில் உரிமம் வழங்கல், ஒழுங்குமுறைத் துறை அதை மேற்பார்வையிட்டு முத்திரை ஒட்டுகிறது. முறையான அடித்தளத்தின் மீது அமர்ந்துவிட்டால், வங்கிக்காரரும் மதிப்பீட்டாளரும் அதைச் சாதாரண வீடாகவே பார்க்கிறார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் மண். டல்லாஸிலிருந்து சான் அன்டோனியோ வரை இறங்கும் கரிசல் பட்டையில்தான் டெய்லர் இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் தரை, மழை விழுந்ததும் உப்பி எழும். அப்படிப்பட்ட மண்ணின் மேல் சிமென்ட் கற்களை அடுக்கி, அதன் மேல் இரண்டு பாதிகளை வைத்துச் சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் மனைவி சொல்வதே சரி.

ஹில்கன்ட்ரி வாசி:
செல்வி அம்மா சொன்ன சட்டம் சரி. அதிலிருந்து அவர் எட்டும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. நான் பல ஆண்டுகளாக டபுள் வைட் வீட்டில்தான் குடியிருக்கிறேன். கூட்டரசு விதி என்பது தரம் குறைந்த விதி அல்ல. உள்ளூர் விதிகளுக்கு மேல் நின்று, நாடு முழுவதும் செல்லுபடியாகும் விதி. ஒவ்வொரு பாதியின் வெளிச்சுவரிலும் ஆணியடித்துப் பதித்த சிவப்பு உலோகத் தகடு ஒன்று இருக்கும். உள்ளே, சமையலறை அலமாரிக் கதவின் பின்புறத்திலோ மின்பெட்டிக்கு அருகிலோ ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். எந்தக் காற்று மண்டலத்துக்கு, எவ்வளவு கூரைச் சுமைக்கு, எந்த வெப்ப மண்டலத்துக்கு அந்த வீடு கட்டப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். மனையில் கட்டிய வீட்டை வாங்கும்போது இத்தனை விவரத்தை யார் கையில் கொடுக்கிறார்கள்?

மண்ணைப் பற்றிய வாதமும் இரு பக்கமும் வெட்டும். அதே கரிசலில் கான்கிரீட் பலகைத் தளம் போட்டவர்கள் தளம் பிளந்து, அடியில் தூண் இறக்கிச் சரிசெய்யச் செலவழிப்பதை டெக்சஸில் எந்தத் தெருவில் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் வீட்டின் கீழே மனிதர் தவழ்ந்து போக முடியும். ஒரு மூலை தாழ்ந்தால் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஆப்புச் செருகி மட்டம் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இறங்கிய தளத்தை அப்படித் தூக்கிவிட முடியுமா?

கரிசல்செல்வி:
தூக்கலாம், ஆனால் திரும்பத் திரும்பத் தூக்க வேண்டியிருக்கும் என்பதுதான் என் கவலை. மட்டம் தவறிய டபுள் வைட்டில் முதலில் காட்டிக்கொடுப்பது கதவு. குளியலறைக் கதவு தாழ்ப்பாளில் பொருந்தாமல் மேல்முனையில் உரசும். அடுத்து, இரண்டு பாதிகள் சேரும் நடுக்கோட்டில், கூடத்தின் கூரையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடும். அதன் மேல் பட்டி பூசி மறைத்துவிட்டுத்தான் பலர் விற்கிறார்கள். மனையின் நீர் வீட்டைவிட்டு விலகி ஓடும்படி மேடு அமைக்காமல், சுற்றிலும் பாவாடைத் தகடு அடித்து மூடிவிட்டால், அடியில் ஈரம் தேங்கி நிலைமை இன்னும் மோசமாகும்.

சுழற்காற்றையும் மறக்க வேண்டாம். டெய்லர் இருக்கும் வில்லியம்சன் கவுண்டியில்தான் ஜாரல் இருக்கிறது. 1997 மே 27 அன்று அங்கே 27 பேர் இறந்தார்கள்.

ஹில்கன்ட்ரி வாசி:
ஜாரலை எடுத்துக்காட்டாகச் சொல்வது எனக்கு வியப்பாக இருக்கிறது. அங்கே அழிந்த குடியிருப்பில் தளத்தின் மேல் கட்டப்பட்ட வழக்கமான வீடுகள் அடித்தளம் மட்டும் மிஞ்சும்படி துடைத்தெடுக்கப்பட்டன. அந்த வலிமையில் வரும் காற்றுக்கு மாடுலர், மேனுஃபாக்சர்டு என்ற பேதம் கிடையாது; இரண்டுக்கும் தனிப் புகலறை வேண்டும். 1992இல் ஆண்ட்ரூ புயல் அடித்த பிறகு, 1994இல் காற்றுக்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன. டெக்சஸின் கடலோரக் கவுண்டிகளுக்கு இரண்டாம் காற்று மண்டலத்துக்கான, கூடுதல் காற்றைத் தாங்கும் வீடு தேவை. டெய்லர் முதல் மண்டலத்தில் வருகிறது. கூடுதல் பணம் கொடுத்து இரண்டாம் மண்டல வீட்டையே இங்கே இறக்கிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை.

கரிசல்செல்வி:
நடுத்தரமான சுழற்காற்றில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. தரையோடு பிணைக்கும் நங்கூரப் பட்டைகள் துருவேறித் தளர்ந்த மேனுஃபாக்சர்டு வீடுதான் முதலில் புரளும். நாட்டில் சுழற்காற்றுக்குப் பலியாகிறவர்களில் இத்தகைய வீடுகளில் இருந்தவர்களின் பங்கு, அவற்றில் வாழும் மக்களின் விகிதத்தைவிட மிக அதிகம். இதை விதி மாற்றம் மட்டும் தீர்த்துவிடாது.

வட்டிக்கணக்கு:
இருவரும் வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். தெக்கத்திக்காரன் அவர்களுக்கு நெருக்கடி வரப்போவது கடன் பத்திரத்தில். டீலர் முடித்துத் தருவதாகச் சொல்லும் கடன் பெரும்பாலும் சாட்டல் கடனாக இருக்கும். அதாவது வீட்டை நிலத்தோடு சேர்ந்த சொத்தாகக் கருதாமல், காரைப் போல அசையும் பொருளாக அடகு பிடிப்பது. வட்டி அதிகம், தவணைக் காலம் குறைவு. மேனுஃபாக்சர்டு வீடு வாங்கும் கடன்களில் ஏறத்தாழ 68 விழுக்காடு உயர்வட்டிக் கடன் வகையில் வருவதாகவும், மனையில் கட்டிய வீடுகளுக்கு அது 3 விழுக்காடுதான் என்றும், 2012ஆம் ஆண்டின் விவரங்களை வைத்து நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2014இல் அறிக்கை வெளியிட்டது. சொந்த நிலம் வைத்திருந்தும் இந்தக் கடனை எடுத்தவர்கள் அதில் ஏராளம்.

உங்கள் விசா இன்னொரு கதவை அடைக்கிறது. 2025 மே 25 முதல் நிரந்தரக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு, எஃப்எச்ஏ எனப்படும் கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகத்தின் காப்புறுதிக் கடன் கிடையாது. எனவே வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் நிறுவனங்களின் வழியிலான வழக்கமான கடன்தான் எஞ்சுகிறது. அதற்கு வீடு நிரந்தர அடித்தளத்தில் நிலத்தோடு சேர்ந்த அசையாச் சொத்தாக இருக்க வேண்டும்; ஏற்கெனவே வேறோர் இடத்தில் நிறுவிப் பெயர்த்தெடுத்த வீடாகவும் இருக்கக் கூடாது.

தெக்கத்திக்காரன்:
வட்டிக்கணக்கு அண்ணா, இப்போது சாட்டல் கடனில் வாங்கிவிட்டு, கிரீன் கார்டு வந்தபின் மாற்றிக்கொள்ள முடியாதா?

வட்டிக்கணக்கு:
தம்பி, காகிதத்தில் முடியும். டெக்சஸ் வீட்டுவசதி, சமுதாய விவகாரத் துறையிடம் வீட்டின் உரிமை அறிக்கையை, வீடு அசையாச் சொத்து என்று மாற்றி வாங்கி, அது வழங்கப்பட்ட 60 நாட்களுக்குள் கவுண்டி பதிவகத்தில் பதிய வேண்டும். தடங்கல் எங்கே வருமென்றால், சாட்டல் கடனுக்காக மலிவாக இறக்கிய வீட்டின் அடித்தளத்துக்குப் பொறியாளர் சான்று கொடுக்க மறுப்பார். குடியிருக்கும் வீட்டின் அடியில் பிறகு போய் அடித்தளத்தைத் திருத்துவது, முதலிலேயே செய்வதைவிடச் செலவு கூடிய வேலை. கிரீன் கார்டுக்கு நம்மவர்கள் நிற்கும் வரிசையின் நீளத்தை நான் சொல்லவேண்டியதில்லை.

ஹில்கன்ட்ரி வாசி:
சாட்டல் கடனுக்கு ஒரு நியாயமும் உண்டு. வேலை போய்த் தவணை தவறினால் வீடு போகுமே தவிர, நிலம் உங்களிடமே இருக்கும். விசாவை நம்பி வாழ்பவர்களுக்கு அது சிறிய ஆறுதல் அல்ல.

வட்டிக்கணக்கு:
நிலத்தைத் தொடாத சாட்டல் கடனுக்கு மட்டுமே அது பொருந்தும். கையில் முன்பணம் வேண்டாம், உங்கள் நிலத்தையே அதற்குப் பதிலாக வைத்துக்கொள்கிறோம் என்று பல டீலர்கள் இனிக்கப் பேசுவார்கள். அதில் கையெழுத்திட்டால் வட்டியும் அதிகம், நிலமும் அடகு.

கரிசல்செல்வி:
நிலப் பத்திரத்தை யாராவது படித்தீர்களா? நகர எல்லைக்கு வெளியே இருந்தாலும், நிலத்தை மனைகளாகப் பிரித்தபோது எழுதிய பழைய உட்பிரிவு ஒப்பந்தங்களில் டிரெய்லரோ மேனுஃபாக்சர்டு வீடோ கூடாது என்ற நிபந்தனை அடிக்கடி இருக்கும். டீலர் அதைப் பார்த்துச் சொல்ல மாட்டார். வீடு வந்து இறங்கிய பிறகு பக்கத்து மனைக்காரர் வழக்குத் தொடுக்கலாம். மாடுலர் வீட்டுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

ஹில்கன்ட்ரி வாசி:
பத்திரத்தைப் படியுங்கள், அதில் எனக்கும் மறுப்பில்லை. அதே சமயம் மாடுலர் வீட்டின் விலைப்பட்டியலையும் கடைசி வரி வரை படியுங்கள். அடித்தளம், கிரேன், இணைப்பு வேலை, செப்டிக், தண்ணீர், மின்கம்பத்திலிருந்து வரும் கம்பி எல்லாம் அதில் அடங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். செப்டிக்கும் மின்சாரமும் இரு வகை வீட்டுக்கும் பொது. அடித்தளமும் கிரேனும் சேர்ந்தபின் மாடுலரின் விலை, நீங்கள் எட்டாது என்று விட்டுவந்த கட்டுநரின் விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இன்னொன்று, சமையலறைப் புகைபோக்கி கூரை வழியாகவோ சுவர் வழியாகவோ வெளியே போகிறதா என்று காட்சி வீட்டில் நீங்களே கை வைத்துப் பாருங்கள். நம் தாளிப்புக்கு அது முக்கியம்.

கரிசல்செல்வி:
விலை நெருங்கும் என்பது உண்மையானால், நெருங்கிய விலையில் கூடுதல் மறுவிற்பனை மதிப்புள்ளதை வாங்கலாமே. அப்படியும் டபுள் வைட்தான் என்று முடிவெடுத்தால், முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். அந்த அறிக்கையை வைத்துப் பொறியாளர் வரைந்த அடித்தளத்தை ஒப்பந்தத்தில் இணைக்கச் சொல்லுங்கள். டீலர் மறுத்தால் வீட்டை மட்டும் அவரிடம் வாங்கிக்கொண்டு, மாநில உரிமம் பெற்ற நிறுவுநரை நீங்களே தனியாக அமர்த்துங்கள்.