புதுப்பிப்பு: தனியாக கவுன்சிலிங் செய்பவருக்கு வழிகாட்டி தேவையா?

3 மாதம் முன்பு கேட்டிருந்தேன்: சேலம் அஸ்தம்பட்டியில் தனியாக கவுன்சிலிங் செய்கிறேன், காசு கொடுத்து ஒரு மூத்தவரிடம் வழிகாட்டுதல் பெறுவது வீண் செலவா என்று. "படித்துவிட்டுத்தானே வந்தீர்கள்?" என்றார்கள் சிலர். சரி, போய்ப் பார்த்தேன்.

அந்த அம்மா இருப்பது ஏற்காட்டில். 20 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்காவிட்டால் எனக்கு வயிறு கலங்கிவிடும்.

சிகிச்சை முறை பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் ஃபீஸ் பற்றிக் கேட்டார். ஒருவர் 4 முறையாகப் பணம் தரவில்லை, பாவம் என்று விட்டுவிட்டேன் என்றேன்.

"பாவமா, பயமா கண்ணு?"

பதில் வரவில்லை. தனியாக உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது.

இன்னொன்று. தற்கொலை எண்ணத்தோடு ஒருவர் வந்தால் என்ன செய்வாய் என்றார். தடுமாறினேன். எந்த மனநல மருத்துவரிடம் அனுப்புவது, வீட்டில் யாருக்குச் சொல்வது, அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் எண் 14416, எல்லாவற்றையும் எழுதி மேசையில் ஒட்டவைத்தார். வருபவர்களின் பெயரை அவரிடம் சொல்வதில்லை. அவர்கள் சம்மதம் இல்லாமல் எதையும் பேசுவதில்லை.

அப்புறம், அந்த ஃபீஸ்? போன வாரம் கேட்டுவிட்டேன். பாதி ஜிபேயில் வந்தது. மீதிக்கு இன்னும் வாய் வரவில்லை.