பின்பக்க தோட்டம் பொது, ஆனா போற சந்துக்கு பக்கத்து வீட்டுக்காரர் பூட்டு போட்டுட்டாரு, என்ன பண்றது?

மண்வெட்டி_அக்கா:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெரிய கதை, பொறுத்துக்கோங்க. எங்க வீடும் பக்கத்து வீடும் ஒரு காலத்துல ஒரே ஆளோட சொத்து, பிள்ளைங்களுக்கு பாகம் பிரிச்சப்போ பின்னாடி தோட்டத்தை மட்டும் பிரிக்காம பொதுவா விட்டுட்டாங்க. எங்க பத்திரத்துலயும் தோட்டத்துல பொதுவில் சரிபாதின்னு தெளிவா இருக்கு. சிக்கல் என்னன்னா தோட்டத்துக்கு போற சந்து அவங்க வீட்டு ஓரமா போகுது, மூணடிதான் அகலம். நாங்க வாங்கி 6 வருஷம் ஆச்சு, எங்களுக்கு வித்தவங்களும் பல வருஷமா அந்த வழியாத்தான் போனாங்க வந்தாங்க, பழைய பக்கத்து வீட்டம்மா ஒரு வார்த்தை சொன்னதில்ல. அவங்க வித்துட்டு போயிட்டாங்க, புதுசா வந்தவர் போன மாசம் சந்து கேட்டுல பூட்டை மாட்டிட்டாரு. கேட்டா "தோட்டத்துல பாதி உங்களோடதுதான், யாரு இல்லன்னா, ஆனா சந்து என் பத்திரத்துல இருக்கு"ங்கறாரு. அப்போ நான் பறந்தா போறது? செடியெல்லாம் வாடுது. எங்க வீட்டுக்காரர் பூட்டை உடைக்கறேன்னு சுத்தியலோட நிக்கறாரு. யாருக்காச்சும் இந்த மாதிரி ஆகியிருக்கா?

சும்மா_வந்தேன்:
சுத்தியலை வாங்கி பரண் மேல போடுங்க முதல்ல. உடைச்சீங்கன்னா நாளைக்கு பேச்சு வழியைப் பத்தி இருக்காது, பூட்டைப் பத்திதான் இருக்கும். பூட்டோட போட்டோ ஒண்ணு தேதி தெரியற மாதிரி எடுத்து வைங்க.

பழைய_பத்திரம்:
எந்த நாடுன்னு சொல்லல, சட்டம் இடத்துக்கு இடம் மாறும், அதனால பொதுவா சொல்றேன். உங்க பக்கத்து வீட்டுக்காரர் சொல்றதுல பாதி சரி. தோட்டத்துல பங்கு வேற, சந்துல நடக்கற பாத்தியம், அதாவது உரிமை, வேற, ஒண்ணு இருந்தா இன்னொண்ணு தானா வந்துடாது. உங்க பத்திரத்தை மட்டும் புரட்டிட்டு இருக்காம அந்த பாகப்பிரிவினை பத்திரத்தோட நகலை எடுங்க. "வழிநடை பாத்தியம்"னு ஒரு வரி அதுல இருந்தா பாதி வேலை முடிஞ்சுது, சந்து அவர் பத்திரத்துல இருந்தாலும் நீங்க நடக்கலாம்.

அந்த வரி இல்லன்னா ரெண்டு வாதம் இருக்கு. முதல்ல, அவசியத்தால வர்ற பாத்தியம். ஒரே சொத்தை பாகம் போடும்போது ஒருத்தர் பங்கை அனுபவிக்க இன்னொருத்தர் பங்கு வழியாத்தான் போயாகணும்னா அந்த உரிமை உண்டு, இந்தியாவுல 1882 ஈஸ்மெண்ட் சட்டம் (அடுத்தவர் இடத்தைப் பயன்படுத்தற உரிமை பத்தினது) 13வது பிரிவு இதைத்தான் சொல்லுது. ஆனா வேற வழி இல்லவே இல்லன்னு இருக்கணும், இது சுலபம் அது கஷ்டம்ங்கறதெல்லாம் எடுபடாது. உங்க வீட்டுக்குள்ளேர்ந்து தோட்டத்துக்கு கதவு இருக்கா? அதைச் சொல்லுங்க.

அடுத்தது ரொம்ப நாள் பயன்பாடு. இந்தியாவுல அதே சட்டத்தோட 15வது பிரிவுப்படி 20 வருஷம், இங்கிலாந்துல 1832 சட்டப்படியும் 20, இலங்கையில 1871 கட்டளைச் சட்டப்படி 10. உங்களுக்கு வித்தவங்க நடந்த காலத்தையும் உங்க 6 வருஷத்தோட சேத்து எண்ணலாம். ஆனா ஒளிவு மறைவில்லாம, தகராறில்லாம, விடாம, உரிமையா நடந்திருக்கணும். அந்தம்மா "போய்க்கோங்க"ன்னு அனுமதி கொடுத்து நடந்ததுன்னா வருஷம் எத்தனை ஆனாலும் கணக்குல வராது, அது வெறும் லைசென்ஸ், அவங்ககிட்ட வீடு வாங்கினவரை அது கட்டுப்படுத்தாது. இங்கதான் நிறைய பேர் சறுக்கறாங்க. சமாதானமா போகலாம்னு "தயவுசெஞ்சு அனுமதி கொடுங்க"ன்னு வாட்ஸப்ல ஒரு மெசேஜ் தட்டிடுவாங்க, நாளைக்கு அதே மெசேஜை எதிர் பக்கம் பிரிண்ட் எடுத்துட்டு வந்து நிப்பாங்க. மரியாதையா எழுதுங்க, ஆனா "வழக்கமா நாங்க நடக்கற வழி"ன்னு எழுதுங்க.

அதே சமயம் சும்மாவும் இருக்காதீங்க. இந்தியாவுலயும் சரி இங்கிலாந்துலயும் சரி, தடை போட்டது தெரிஞ்சும் ஒரு வருஷம் வாய மூடி ஏத்துக்கிட்டா அந்த பயன்பாடு அறுந்ததா ஆயிடும்.

பூட்டு_போட்டவன்:
நான் அந்தப் பக்கத்து ஆளு, அதாவது இதே மாதிரி கேட்டுக்கு பூட்டு போட்டவன், திட்டாதீங்க. எங்களுக்கு யாரும் தோட்டத்துக்கு போறதுல பிரச்னையே கிடையாது, கேட்டை திறந்து போட்டுட்டு போவாங்க, நாய் ரோட்டுக்கு ஓடிடும், ரெண்டு தடவை தேடிப் பிடிச்சேன், மூணாவது தடவை பூட்டு வாங்கிட்டு வந்தேன். யாராச்சும் வந்து "ஏன் பூட்டினீங்க"ன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், எல்லாரும் "எப்படி பூட்டலாம்"னு தான் கேட்டாங்க. நீங்க எதைக் கேட்டீங்க அக்கா?

மண்வெட்டி_அக்கா:
ரெண்டாவதுதான் கேட்டேன் 🙈 அதுவும் வாசல்ல நின்னு, கொஞ்சம் சத்தமா.

பழைய_பத்திரம் கேட்டதுக்கு பதில்: கதவு கிடையாது, பின் சுவத்துல ஒரு ஜன்னல் மட்டும்.

பழைய_பத்திரம்:
கதவு இல்லாதது உங்களுக்கு பலம். ஆனா "ஜன்னலை இடிச்சு கதவு வச்சுக்கோங்க"ன்னு அவர் தரப்புல கேப்பாங்க, அதுக்கும் தயாரா இருங்க. அவசியத்தால வந்த பாத்தியம் அந்த அவசியம் தீர்ந்தா அதோட போயிடும், அதனால கோவத்துல நீங்களே கதவு வச்சிடாதீங்க.

மண்வெட்டி_அக்கா:
ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். நகல் எடுத்துட்டோம், தோட்டம் பொதுன்னு இருக்கு, சந்தைப் பத்தி ஒரு எழுத்து இல்ல 😞 வித்தவங்களுக்கு போன் போட்டு கேட்டதுல அவங்க 17 வருஷம் நடந்தாங்களாம், எழுதிக் கையெழுத்து போட்டு தர்றேன்னாங்க. அப்புறம் பூட்டு போட்டவன் தம்பி சொன்ன மாதிரி நான் மட்டும் தனியா போய் ஏன் பூட்டினீங்கன்னு கேட்டேன். மனுஷன் பத்து நிமிஷம் கொட்டித் தீத்துட்டாரு. சந்து அவங்க படுக்கையறை ஜன்னலை ஒட்டி போகுது, எங்க வீட்டுக்காரர் ராத்திரி பத்து மணிக்கு செல்போன்ல பேசிக்கிட்டே தண்ணி ஊத்த போறாரு, போதாததுக்கு பைக்கை சந்துலயே நிறுத்திடறாரு. உண்மைய சொன்னா எனக்கே வெக்கமா போச்சு, பைக் விஷயம் நானும் சொல்லி சொல்லி பாத்ததுதான். பைக் நிக்காது, காலைல 6 மணிலேர்ந்து சாயங்காலம் 7 வரைக்கும்தான் போறதுன்னு பேசி, கையோட ஒரு சாவியும் வாங்கிட்டேன். எழுதியும் தர்றேங்கறாரு, ஆனா ரிஜிஸ்டர் எல்லாம் வேணாம்ங்கறாரு.

பழைய_பத்திரம்:
17ம் 6ம் 23, நடுவுல விட்டுப் போகலன்னா கணக்கு உங்க பக்கம். அந்த கடிதத்தை இப்பவே வாங்கி வைங்க, வயசானவங்கன்னா இன்னும் சீக்கிரம். சாவி கொடுத்தது நல்லது, சாவி கையில இருந்தா பூட்டை பெரும்பாலும் தடைன்னு எடுத்துக்க மாட்டாங்க. ஆனா அவர் எழுதறதுல "அனுமதிக்கிறேன்"னு வராம "வழிநடை பாத்தியம் உண்டு"ன்னு வரணும், நேரம் பைக் எல்லாம் அதுக்கு கீழ நிபந்தனையா வரட்டும். ரிஜிஸ்டரை விடாதீங்க, அவர் யாருக்காச்சும் வித்தா புதுசா வர்றவர்கிட்ட மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். செலவு எங்களோடதுன்னு சொல்லிப் பாருங்க, பாதி பேர் செலவுக்கு பயந்துதான் வேணாம்பாங்க. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி உள்ளூர் வக்கீல் ஒருத்தர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.

சும்மா_வந்தேன்:
சுத்தியல் என்னாச்சு?

மண்வெட்டி_அக்கா:
பரண்லதான் இருக்கு 😄 செலவு விஷயம் நாளைக்கு பேசறேன். இப்போ மணி ஆறரை, ஏழு ஆகறதுக்குள்ள தண்ணி ஊத்திட்டு வந்துடணும், கேட்டையும் சாத்தணும்.