மறு: மெட்டாடேட்டா – ‘தொடர்புப் பதிவேடு’ என்று முன்மொழிகிறேன்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘மெட்டாடேட்டா’ (தரவைப் பற்றிய தரவு; தொலைபேசியில் என்றால் பேச்சு நீங்கலாக, யார் யாரை எப்போது அழைத்தார் என்பன போன்ற விவரங்கள்) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: மீதரவு, உறைத்தரவு, புறத்தரவு, தொடர்புச்சுவடு. நான்குக்கும் காரணம் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு எதிலும் முழு உடன்பாடு வரவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் தொகுப்பது அரசுக் கண்காணிப்பு, தனியுரிமை பற்றி எழுதும் செய்தியாளர்களுக்கான சொற்பட்டியல். ஒரு நூலின் தலைப்பையும் பக்க எண்ணிக்கையையும் குறிக்கும்போது இந்தச் சொல்லுக்கு இருக்கும் பொருள் வேறு. ஒரு குடிமகனின் தொலைபேசி அழைப்புகளைக் குறிக்கும்போது இருக்கும் பொருள் வேறு.

முதலில், எந்தப் பொருளுக்குப் பெயர் வைக்கிறோம் என்று பார்ப்போம். இந்தச் சொல் பொதுமக்களின் பேச்சுக்குள் வந்தது 2013 ஜூனில். அமெரிக்காவின் வெளிநாட்டு உளவுக் கண்காணிப்பு நீதிமன்றம் வெரைசன் தொலைபேசிக் குழுமத்தின் ஒரு பிரிவுக்கு இட்டிருந்த ரகசிய ஆணையை ‘கார்டியன்’ நாளிதழ் வெளியிட்டது. அமெரிக்க உளவுத்துறையின் ஒப்பந்தப் பணியாளராக இருந்த எட்வர்ட் ஸ்னோடென் வழியாகக் கிடைத்த ஆவணங்களில் முதலில் அச்சேறியது அதுதான். ஏப்ரல் 25 முதல் ஜூலை 19 வரை, அந்த நிறுவனத்தின் எல்லா அழைப்பு விவரங்களையும் ஒவ்வொரு நாளும் தேசியப் பாதுகாப்பு முகமையிடம் (என்.எஸ்.ஏ.) ஒப்படைக்க வேண்டும் என்றது ஆணை. சந்தேகத்துக்குரிய ஒருவருடைய விவரங்களை அது கேட்கவில்லை, எல்லாருடையதையும் கேட்டது. உள்ளூர் அழைப்புகளும் அதில் அடக்கம்.

எவையெல்லாம் மெட்டாடேட்டா என்பதற்கு அந்த ஆணையே விளக்கம் தருகிறது. அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், சிம் கார்டுக்குரிய அடையாள எண், கைப்பேசிக் கருவிக்குரிய அடையாள எண், அழைப்பு கடந்துசென்ற இணைப்புத் தடத்தின் குறியீடு, அழைப்பு அட்டை எண், அழைத்த நேரம், பேசிய கால அளவு. பேச்சின் உள்ளடக்கமும், வாடிக்கையாளரின் பெயர், முகவரி, பண விவரங்களும் இதில் சேராது என்றும் எழுதியிருக்கிறது. இரண்டு நாள் கழித்து அதிபர் ஒபாமா, உங்கள் தொலைபேசிப் பேச்சை யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்று மக்களுக்குச் சொன்னார். அது பொய்யில்லை. ஆனால் கேட்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை என்பதை அந்தச் சொற்கள் மறைத்துவிட்டன.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தாமாக முன்வந்த 823 பேரின் அழைப்பு, குறுஞ்செய்தி விவரங்களை மட்டும் வாங்கிப் பார்த்து 2016இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். பேச்சு ஒரு சொல்கூட அவர்களிடம் இல்லை. ஒருவருக்கு இதயநோய் மருத்துவர்களிடமிருந்து நீண்ட அழைப்பு வந்திருந்தது. ஒரு மருத்துவப் பரிசோதனைக்கூடத்துடன் சிறிது நேரம் பேசியிருந்தார். மருந்துக்கடையிலிருந்து அழைப்புகள் வந்திருந்தன. இதயத்துடிப்புக் கோளாற்றைக் கண்காணிக்கும் கருவியைப் பயன்படுத்துவோருக்கான எண்ணை அவரும் அழைத்திருந்தார். வரிசையாக வைத்துப் படித்தால் நோயின் பெயர் தானாகவே எழுந்து வருகிறது. என்.எஸ்.ஏ.வுக்கும் சி.ஐ.ஏ.வுக்கும் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன் 2014இல் ஒரு பொது விவாத மேடையில், மெட்டாடேட்டாவை வைத்து நாங்கள் ஆட்களைக் கொல்கிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். நாம் பெயர் வைக்கப்போவது இந்தப் பொருளுக்குத்தான்.

இனி ஒவ்வொரு சொல்லாக வருகிறேன்.

> மீதரவு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் எதற்கு?

நூலகத் துறை அம்மையாரின் கேள்வி நியாயமானது. மின்னூல், ஒளிப்படக் கோப்பு, ஆவணக் காப்பகம் ஆகியவற்றுக்கு மீதரவு இருக்கட்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ‘தரவைப் பற்றிய தரவு’ என்ற பொருளே கண்காணிப்பில் பொருந்தவில்லை. என் அண்ணனை நான் இரவு இரண்டு மணிக்கு அழைத்தேன் என்பது வேறெந்தத் தரவைப் பற்றிய தரவும் அன்று. அது என் வாழ்க்கையைப் பற்றிய தரவு. துறைக்கொரு சொல் வைத்துக்கொள்வது தமிழுக்குப் புதிதும் அன்று.

> கடிதத்தைப் பிரிக்காமல் உறைமேல் உள்ள முகவரியையும் முத்திரையையும் மட்டும் பார்ப்பதுதான் இது. உறைத்தரவு என்றால் யாருக்கும் உடனே புரியும்.

உடனே புரியும் என்பதுதான் என் பயமும். உறைமேல் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது என்று வாசகர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் எழுப்பிய வாதத்தை நாமே சொல்லாக்கி அச்சிட்டுக் கொடுத்ததாகிவிடும். அதோடு, கடித உறையே இப்போது அவ்வளவு எளிய பொருளாக இல்லை. 2001இல் ஆந்த்ராக்ஸ் நோய்க்கிருமி வைத்து அனுப்பப்பட்ட கடிதங்களுக்குப் பிறகு அமெரிக்க அஞ்சல் துறை தொடங்கிய ஒரு திட்டத்தில், அந்நாட்டில் அனுப்பப்படும் ஒவ்வொரு அஞ்சலின் வெளிப்புறமும் படமெடுக்கப்படுகிறது என்பது 2013இல் தெரியவந்தது.

புறத்தரவை முன்மொழிந்த புலவர் ஐயாவின் மடலை விரும்பிப் படித்தேன். அகத்தில் ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாது, புறத்தில் பெயரும் ஊரும் போரும் வரும். ஆகவே யார், எங்கே, எப்போது என்று சொல்வது புறத்தரவு என்கிறார். இதைவிட அழகான காரணம் இந்த இழையில் வரவில்லை. ஐயா, மரபறிந்தவர்களுக்கு அது விளங்கும். ஆனால் செய்தித்தாள் படிப்பவர் காதில் புறம் என்றால் ‘வெளியே’, ‘மேலோட்டம்’ என்றுதான் விழும். உள்ளே இருப்பது காக்கப்பட வேண்டியது, வெளியே இருப்பது யாரும் பார்க்கலாம் என்ற கோட்டைத்தான் 1979இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிழித்தது. பால்டிமோரில் நடந்த ஒரு கொள்ளை வழக்கு அது. போலீஸார் கேட்டதும் தொலைபேசி நிறுவனம் தன் அலுவலகத்தில் ஒரு கருவியை வைத்து, சந்தேக நபர் சுழற்றும் எண்களைக் குறித்துக் கொடுத்தது. நீதிமன்ற ஆணை எதுவும் பெறவில்லை. நிறுவனத்துக்கு நீயே கொடுத்த எண்ணில் உனக்கென்ன அந்தரங்கம் என்றது தீர்ப்பு. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி ஸ்டூவர்ட், அழைத்த எண்களின் பட்டியலே ஒருவருடைய வாழ்வின் மிக நெருக்கமான விவரங்களைக் காட்டிவிடும் என்று அன்றே எச்சரித்தார். ஒரு மனிதரின் சில நாள் எண்களைப் பற்றிய அந்தத் தீர்ப்பைத்தான், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ஒரு நாட்டின் அழைப்பு விவரங்களையே அள்ளுவதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள்.

தொடர்புச்சுவடு பல நாள் என்னையும் மயக்கி வைத்திருந்தது. ஓசை நன்றாக இருக்கிறது. இருப்பிடச்சுவடு, இணையச்சுவடு என்று கிளைக்கவும் செய்கிறது. ஆனால் சுவடு, நடந்தவர் விட்டுச்செல்வது. யாரும் எழுதாமல் தானாகப் பதிவது. நம் அழைப்பு விவரம் தானாகப் பதிவதில்லை. ஒரு நிறுவனம் அதற்கென்று இயந்திரம் வைத்து, கட்டணம் கணக்கிட எழுதுகிறது. பிறகு அழிக்காமல் வைத்துக்கொள்கிறது. கேட்டவர்களுக்குக் கொடுக்கிறது, சில சமயம் விற்கிறது. சுவடு என்றால் நடந்தவர்மேல் பழி போகிறது. எழுதியவர் காணாமல் போய்விடுகிறார்.

எனவே என் முன்மொழிவு: தொடர்புப் பதிவேடு.

பதிவேடு புதிய சொல் இல்லை. பள்ளியிலும் அலுவலகத்திலும் வருகைப் பதிவேடு இருக்கிறது. யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எப்போது போனார் என்பது மட்டும் அதில் இருக்கும். உள்ளே போய் என்ன பேசினார் என்பது இருக்காது. பதிவேடு என்றவுடன் தமிழ் வாசகர் மனத்தில் சில கேள்விகள் தாமாக எழும்: எழுதுவது யார், யார் பொறுப்பில் இருக்கிறது, யார் புரட்டிப் பார்க்கலாம், எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம்? மற்ற நான்கு சொற்களும் இந்தக் கேள்விகளை எழுப்பவில்லை. இரண்டு வாக்கியங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

“வாடிக்கையாளர்களின் மீதரவு திரட்டப்பட்டது.”

“வாடிக்கையாளர்களின் தொடர்புப் பதிவேட்டை நிறுவனம் அரசிடம் ஒப்படைத்தது.”

இரண்டாவது வாக்கியத்தில் நிறுவனம் ஒளிய இடமில்லை. கண்காணிப்பு என்றாலே அரசை மட்டும் சாடிவிட்டு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் நம் எழுத்தில் இருப்பதால் இதை வற்புறுத்துகிறேன். சான் பிரான்சிஸ்கோவில் ஃபோல்சம் தெருவிலுள்ள ஏ.டி.&டி. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கட்டடத்தில் 641ஏ என்றொரு அறை. அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பராக இருந்து ஓய்வுபெற்ற மார்க் க்ளைன், இணையப் போக்குவரத்து நகலெடுக்கப்பட்டு என்.எஸ்.ஏ.வுக்காக அந்த அறைக்குள் போகிறது என்பதற்கான ஆவணங்களை 2006இல் உரிமை அமைப்பு ஒன்றிடம் கொடுத்தார். வாடிக்கையாளர்கள் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தார்கள். 2008 ஜூலையில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, உதவிய தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு முன்தேதியிட்டுப் பாதுகாப்புக் கொடுத்தது. அடுத்த ஆண்டு வழக்கு தள்ளுபடியானது. நடந்தது குற்றமா என்று விசாரிப்பதற்கு முன்பே பொறுப்பைத் துடைத்துவிட்டார்கள். கேட்டவுடன் கொடுப்பது தவிர வேறு வழியில்லை என்று நிறுவனங்கள் சொல்வதும் முழு உண்மையன்று. க்வெஸ்ட் என்ற தொலைபேசி நிறுவனம் அழைப்பு விவரங்களைத் தர மறுத்தது என்பது 2006இலேயே செய்தியானது.

ஸ்னோடெனுக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதே என்று சட்டத்துறை நண்பர் எழுதியிருந்தார். அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2015 மே மாதம், அந்த மொத்தத் திரட்டலுக்குச் சட்டத்தில் இடமில்லை என்றது. அடுத்த மாதமே சட்டம் மாறியது. பதிவேடு நிறுவனங்களிடமே இருக்கும், முகமை குறிப்பிட்ட இலக்குகளுக்கு மட்டும் கேட்டு வாங்கும் என்றானது. சரி, 2017இல் இலக்கு 40 பேர். வாங்கிய அழைப்பு வரிகள் 53 கோடிக்கும் மேல். அடுத்த ஆண்டே, பெற அனுமதியில்லாத விவரங்களும் வந்து கலந்துவிட்டன என்று சொல்லி, 2015இலிருந்து சேர்த்தவை அனைத்தையும் அழிக்கத் தொடங்கினார்கள். அழிக்காமல் வேறு என்ன செய்வது? எது முறையாக வந்தது, எது முறையின்றி வந்தது என்று பிரிக்கவே முடியாத நிலை.

இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. நீதிமன்ற ஆணை வாங்குவது கடினமென்றால் காசு கொடுத்து வாங்கலாம். அமெரிக்கர்களின் இணைய நடவடிக்கை விவரங்களை, அவற்றைத் திரட்டி விற்கும் தரகர்களிடமிருந்து என்.எஸ்.ஏ. விலைக்கு வாங்குகிறது என்பதை செனட்டர் ரான் வைடன் 2024 ஜனவரியில் கடிதங்களோடு வெளியிட்டார். அதே ஆண்டு ஏப்ரலில், வாடிக்கையாளர்களின் இருப்பிட விவரத்தை ஒப்புதலின்றிப் பிறருக்குக் கொடுத்ததற்காக, அந்நாட்டின் பெரிய கைப்பேசி நிறுவனங்களுக்குத் தகவல்தொடர்பு ஆணையம் ஏறத்தாழ 20 கோடி டாலர் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் போயின. ‘பதிவேட்டை விற்றார்கள்’ என்று எழுதினால் இந்தச் செய்தி ஒரே வரியில் விளங்கும். ‘சுவட்டை விற்றார்கள்’ என்று எழுதிப் பாருங்கள்.

என் சொல்லுக்கு எதிராக வரக்கூடிய வலுவான தடை ஒன்று உண்டு. நிறுவனம் எழுதுவது என்றால் நிறுவனத்தின் சொத்து என்றாகிவிடாதா, 1979 தீர்ப்பும் அதைத்தானே சொன்னது? சொன்னது. ஆனால் 2018இல் கார்ப்பென்டர் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வேறு பாதைக்கு வந்தது. ஒருவர் 127 நாள் எங்கெல்லாம் இருந்தார் என்று கைப்பேசிக் கோபுரப் பதிவிலிருந்து 12,898 இடக்குறிப்புகளை அரசுத் தரப்பினர் எடுத்திருந்தார்கள். விவரம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பதாலேயே அந்த மனிதரின் உரிமை போய்விடாது, பொதுவாக வாரண்ட் வேண்டும் என்றது நீதிமன்றம். ஏட்டை வைத்திருப்பவர் ஒருவர், அதில் எழுதப்பட்ட வாழ்க்கைக்கு உரியவர் இன்னொருவர். இரண்டு பேரையும் காட்டுகிற சொல் நமக்கு வேண்டும். ‘குடிமக்களின் தொடர்புப் பதிவேடு’ என்று வேற்றுமை உருபோடு எழுதும்போது இருவருமே தெரிகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. ‘தொடர்புப் பதிவு’, ‘அழைப்புப் பதிவு’ என்று சுருக்கிவிடக் கூடாது. ஒலிப்பதிவு என்று நினைத்து, பேச்சையே பதிவு செய்ததாகப் படித்துவிடுவார்கள். தொகுப்புக்குப் பதிவேடு, அதில் ஓர் உருப்படிக்கு ‘பதிவேட்டு வரி’. கோபுர விவரத்துக்கு ‘இருப்பிடப் பதிவேடு’. நம் நாளிதழ்கள் “செல்போன் அழைப்பு விவரங்களை போலீஸார் ஆய்வு செய்து வருகின்றனர்” என்று எழுதுகின்றன. ஒரு வழக்கில் ஒருவரைப் பற்றி என்றால் அதுவே போதும். ஆனால் இந்தியாவில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இவ்விவரங்களை இரண்டாண்டுகளாவது வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதி மாற்றப்பட்டதே, அதைப் பற்றி எழுதும்போது பதிவேடு என்றால்தான் பொருள் முழுமையாக வரும்.

வெரைசன் ஆணையில் இன்னொரு பிரிவும் இருந்தது: இப்படியோர் ஆணை வந்ததையே யாரிடமும் சொல்லக் கூடாது என்று. அதற்குச் சொல் தேட வேண்டியதில்லை. ‘வாய்ப்பூட்டுச் சட்டம்’ என்ற சொல் நம்மிடம் முன்பே இருப்பதால் ‘வாய்ப்பூட்டு ஆணை’ என்று பட்டியலில் சேர்த்துவிட்டேன். தொடர்புப் பதிவேட்டை மறுப்பவர்கள், தாங்கள் விரும்பும் சொல்லை வைத்து ஒரு செய்தி வாக்கியமும் எழுதி அனுப்புங்கள். வாக்கியங்களை அருகருகே வைத்துப் பார்த்து முடிவு செய்வோம்.

அன்புடன்.