மறு: மறு: கோஹவுசிங் (தனித்தனி வீடும் பொதுவீடும் சேந்த கூட்டுக் குடியிருப்பு) மொழிபெயர்ப்பு – பொதுச்செலவ பங்கு போடுறதுக்கு என்ன சொல்லலாம்?

> பராமரிப்புக் கட்டணம்னே போட்ருங்க தம்பி, ஃப்ளாட்ல எல்லாருக்கும் பழகின சொல்தான

பழகின சொல்தான் அண்ணா, ஆனா கட்டணம்னு சொன்னாலே ஒருத்தர் விக்கிறாரு இன்னொருத்தர் வாங்குறாருன்னு ஆயிடுது, பஸ் கட்டணம் மாதிரி. நாம மொழிபெயர்க்கிறது டென்மார்க் சமாச்சாரம். 1972ல ஹில்லரோட் பக்கத்துல சேட்டடாமன்ல 27 குடும்பம் சேந்து ஆளுக்கொரு வீடு, கூடவே ஒரு பொதுவீடுன்னு கட்டிக்கிட்டாங்க. இந்த மாதிரி இடத்துல காசு குடுக்கிறவங்களேதான் முறை வந்தா பொதுவீட்ல வெங்காயமும் நறுக்கணும், அங்க போயி கட்டணமா? பொதுச்செலவுன்னா அரசாங்க பட்ஜெட் ஞாபகம் வருது. பகிர்செலவு நல்லாத்தான் இருக்கு, ஊறுகாய் சுடுசோறு மாதிரி வினைத்தொகை, ஆனா அது மொத்தச் செலவக் குறிக்குது, என் வீட்டுக்கு விழுற பங்க குறிக்கல.

நம்மகிட்ட ஏற்கனவே ஒண்ணு இருக்கே, தலைக்கட்டு வரி! கோயில் கொடைக்கு ஆகுற செலவ தலைக்கட்டு எண்ணிக்கையால வகுத்து வீடு வீடா வசூல் பண்றோம்ல, அதேதான இது?

---

> அதேதான இது?

இல்ல தம்பி, அக்கா சொல்றேன். தலைக்கட்டுன்னா கல்யாணமான ஆம்பளைக் கணக்கு. அப்பா போனப்புறம் எங்க ஊர்ல அம்மாகிட்ட அரை வரிதான் வாங்குனாங்க, பாக்க சலுகை மாதிரி இருக்கும், அரை ஆளுன்னு அர்த்தம். ஒரு குடும்பத்த ஊர விட்டு ஒதுக்கணும்னா மொதல்ல வரி வாங்குறதத்தான் நிறுத்துவாங்க. அந்தச் சொல்ல அங்க கொண்டுபோய் ஒட்டாதீங்க.

அதோட, எல்லாச் செலவையும் ஒரே மாதிரி வகுக்க முடியாது. கூரை ரிப்பேர், இன்சூரன்ஸ் எல்லாம் வீட்டோட அளவுக்குத் தக்கன போட்டா நியாயம், தண்ணிக்கு ஆள் எண்ணிக்கை, சாப்பாட்டுக்கு அன்னிக்கு வந்து சாப்ட்டவங்க மட்டும் குடுத்தாப் போதும். டேனிஷ்காரங்களே அடுக்குமாடி வீடுகளுக்கு ஃபோர்டேலிங்ஸ்டால்னு வச்சிருக்காங்க, பிரிச்சா பங்கீட்டு எண், நம்ம ஃப்ளாட்ல வர்ற யூடிஎஸ் (பிரிக்காத மனைப் பங்கு) மாதிரி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒண்ணு. அதனால பொதுவா செலவுப்பங்குன்னு வச்சுக்கிட்டு, வகுக்கிற விதத்துக்குத் தனித்தனியா அடிக்கணக்கு, ஆள்கணக்கு, இலைக்கணக்குன்னு போடலாம். கல்யாணச் சமையல்காரர் எலைக்கு இவ்ளோன்னுதான ரேட் பேசுறாரு, பந்தியில உக்காராத ஆளுக்கு எலை கெடையாது, காசும் கெடையாது.

---

அக்கா, அரை வரி விஷயம் நான் யோசிக்கவே இல்ல, எங்க பெரியம்மாவுக்கும் அப்படித்தான் வாங்குனாங்க, அப்ப நல்ல மனசுன்னு நெனச்சேன். தலைக்கட்ட எடுத்துர்றேன்.

செலவுப்பங்கு, ஆள்கணக்கு ஓகே. இலைக்கணக்கு ரொம்பப் புடிச்சிருக்கு, அங்க பீங்கான் தட்டுலதான் சாப்பிடுவாங்கன்னு யாராவது சண்டைக்கு வருவாங்க, வரட்டும். அடிக்கணக்கு மட்டும் ஸ்கூல்ல வாங்குன அடிய எண்ணுற மாதிரி இருக்கு, சதுரடிக்கணக்குன்னு போட்ரவா?