முதுமையில் உட்புரளும் கீழிமை: ஒரு சொல் முன்மொழிவு

மதிப்புக்குரிய அன்பர்களுக்கு வணக்கம்.

இமைவிளிம்பு கண்ணை நோக்கி உட்புறமாகப் புரளும் ‘என்ட்ரோப்பியன்’ (entropion) என்ற கண்நோய்க்கு, நமது கலைச்சொல் உரையாடலில் முன்மொழியப்பட்ட ‘இமைச்சுருக்கம்’ என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. முதுமையில் கீழிமை சுருங்குவதில்லை. அதனை இரு கடைகளிலும் பிணித்திருக்கும் நாண்கள் தளர்ந்து, கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் இழையம் விடுபட்டு, கண்ணை மூடும் வட்டத்தசையின் ஒரு பகுதி இமைவிளிம்பின்மீது ஏறுவதால், விளிம்பு உட்புறமாகப் புரண்டு மயிர்கள் கருவிழியை உராய்கின்றன. எனவே ‘இமை உட்புரள்வு’ என்பதையே முன்மொழிகிறேன்.

வன்னியில் முதியோர் இதனைக் ‘கண்ணுக்குள்ளை மயிர் குத்துது’ என்றே சொல்வர். துன்பத்தை அது சரியாகச் சொல்கிறது; ஆயினும் குற்றத்தை மயிரின்மீது சுமத்துவதால், வீட்டிலேயே மயிரைப் பிடுங்கும் வழக்கத்துக்கு இடமளித்துவிடுகிறது. பிடுங்கிய மயிர் சில வாரங்களில் மீண்டும் முளைக்கும். புரண்ட இமையோ புரண்டபடியே இருக்கும். சூடடிப்புக் காலத்துத் தூசும் உமியும் கண்ணில் விழ, முதியவர் கண்ணைக் கசக்க, உராய்ந்த கருவிழியில் கிருமி தொற்றிப் புண்ணானால், அது ஆறிய பின்னும் தழும்பு பார்வையை மறைக்கக்கூடும். கண் சிவந்து நொந்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசி, பார்வையும் மங்கினால் அன்றே கண் வைத்தியரிடம் செல்ல வேண்டும் என்பதைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு முதியோருக்கான துண்டுப்பிரசுரத்தில் முதல் வரியாகவே இட விரும்புகிறேன்.

ஈரப்பதம் தரும் துளிமருந்தும் களிம்பும், இமையைக் கன்னப்பக்கம் இழுத்து ஒட்டும் பிளாஸ்டரும் தற்காலிக ஆறுதலே. நிலையான தீர்வு பெரும்பாலும் சத்திரசிகிச்சைதான்: அவ்விடத்தை மட்டும் விறைக்கச் செய்து, விடுபட்ட இழையத்தை மீளப் பொருத்தி, வெளிக்கடையில் இமையை இறுக்கித் தைப்பர். ‘சுருக்கம்’ என்று பெயரிட்டால், சுருங்கியதை ஏன் மேலும் இறுக்குகிறார்கள் என்று நோயாளி குழம்பமாட்டாரா?

ஒலிபெயர்ப்பே போதும் என்ற கருத்தும் இங்கே எழுந்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் தமிழில் மருத்துவம் கற்பித்த மண்ணில், அதற்கு உடன்பட மனம் வரவில்லை.

இச்சொல்லிலிருந்து ‘முதுமைசார் உட்புரள்வு’, கண்ணிமையின் உட்பக்கத் தழும்பால் வரும் ‘தழும்புசார் உட்புரள்வு’, கண்ணீர் கன்னத்தில் வழியவைக்கும் எதிர்நிலையான ‘வெளிப்புரள்வு’ ஆகியவற்றையும் ஆக்கலாம். இமை சரியாக இருந்தும் மயிர் மட்டும் உள்நோக்கி வளரும் நிலைக்கு ‘இமைமயிர் உட்சாய்வு’ பொருந்துமா என்பதைக் கண் மருத்துவத் துறையினர் கூற வேண்டுகிறேன்.