நடப்பு நிகழ்வுகளை எப்படிப் படிக்கிறீர்கள்? மாதத் தொகுப்புகள் குவிகின்றன, மனதில் எதுவும் நிற்கவில்லை

மலையோரம்:
அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு யோசனை வேண்டும். குலசேகரம் பக்கம் இருக்கிறேன், யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்கிறேன். விடியும் முன்னே அப்பாவோடு ரப்பர் பால் வெட்டப் போய்விட்டு வந்து பத்து மணிக்கு மேல்தான் புத்தகத்தைத் தொட முடியும். அரசியலமைப்பு, புவியியல் எல்லாம் ஓரளவு போகிறது, நடப்பு நிகழ்வுகளில்தான் திணறல். ஒன்றரை வருடத் தொகுப்பையும் படி என்கிறார்கள். விருது வாங்கியவர், மாநாடு நடந்த ஊர், ராணுவக் கூட்டுப்பயிற்சியின் பெயர் என்று படித்தது எல்லாம் அடுத்த மாதமே மறந்து போகிறது. சென்னைக்குப் போய் வகுப்பில் சேர வசதி இல்லை. வீட்டிலிருந்தே சமாளிக்க முடியுமா? டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1-ம் எழுதுவேன், இரண்டுக்கும் ஒரே படிப்பு போதுமா?

தேரூர்க்காரன்:
முடியும் தம்பி. தொகுப்பை மூடி வைத்துவிட்டு முதலில் பழைய வினாத்தாள்களை எடு. செய்தியில் வந்த பெயரை வைத்துக்கொண்டு, அதன் பின்னால் இருக்கிற சட்டம், அமைப்பு, இடம் ஆகியவற்றைத்தான் கேட்கிறார்கள்.

எங்கள் ஊர்க் குளத்தையே எடுத்துக்கொள். 2022-ல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூரும் முக்கிய ஈரநிலங்களுக்கான உலகப் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. அதோடு நிறுத்தினால் அது வெறும் செய்தி. ராம்சர் ஒப்பந்தம் 1971-ல் ஈரானில் கையெழுத்தானது, இந்தியா 1982-ல் சேர்ந்தது, ஆபத்தில் இருக்கும் ஈரநிலங்களுக்கு மாண்ட்ரோ பதிவேடு என்று தனியே ஒன்று உண்டு, அதில் ராஜஸ்தானின் கேவலாதேவும் மணிப்பூரின் லோக்டாக்கும் இருக்கின்றன, ஒடிசாவின் சிலிகா ஏரி இருந்து 2002-ல் வெளியே வந்தது. நம் நாட்டுக்குள் 2017-ன் ஈரநில விதிகள், அவை 1986-ன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. இவ்வளவும் ஒரே குளத்திலிருந்து போகிற நூல். கேள்வி இதில் எங்கிருந்து வந்தாலும் நீ தொட்டுவிடுவாய். குளத்தின் பரப்பை மனப்பாடம் செய்து பயனில்லை.

இன்னொன்று, ஒரு தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அரைகுறையாக நினைவிருக்கும் ஐம்பது செய்திகளைவிட முழுதாகப் புரிந்த பத்து மேல்.

நாகர்கோவில் அக்கா:
மக்களே, செலவைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் செய்திக் குறிப்புகள் தமிழிலும் வருகின்றன, காசில்லாமல் படிக்கலாம். மத்திய அரசின் ‘திட்டம்’ மாத இதழும் தமிழில் உண்டு. முதல்நிலை வினாத்தாள் மட்டும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், அதனால் வாரத்தில் சில நாளாவது ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கம் படித்துப் பழகு. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். அப்புறம், ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ஒரு மதிப்பீட்டுத் தேர்வு வைத்து ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதம் தருகிறார்கள், அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இரு. விண்ணப்பத்தில் தேர்வு மையம் கேட்கும்போது மதுரை என்று போட்டுவிடாதே, உனக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம்.

முட்டம் அலை:
தேரூர் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். நம் மாவட்டத்து விஷயங்களை வெளியூர்த் தொகுப்பில் நாலு வரியில் படித்துக் கடந்து போகக் கூடாது, ஏனென்றால் நாம் அதற்குள் வாழ்கிறோம்.

மணவாளக்குறிச்சி மணலை எடுத்துக்கொள்ளுங்கள். இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் என்கிற கனிமங்கள் எல்லாம் இருக்கின்றன. மோனசைட்டில் அணு எரிபொருளுக்கு உதவும் தோரியம், அதனால் அது அணுசக்தித் துறையின் கீழ் உள்ள ஐ.ஆர்.இ.எல். என்ற அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. தோரியம் என்றதும் ஹோமி பாபாவின் மூன்று கட்ட அணுமின் திட்டம், இரண்டாம் கட்டத்துக்குக் கல்பாக்கத்தில் 500 மெகாவாட் ஈனுலை, அதாவது எரிவதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் அணு உலை. அதே மோனசைட்டில்தான் காந்தங்களுக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் வேண்டிய அரிய மண் தனிமங்களும். 2025 ஏப்ரலில் சீனா ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டபோது, நம்மிடம்தான் கடற்கரை மணல் இருக்கிறதே என்று பலரும் எழுதினார்கள். ஆனால் சீனா அப்போது பிடித்து வைத்தது டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற நடுத்தர, கன வகைகளை. நம் மோனசைட்டில் மிகுதியாக இருப்பது லாந்தனம், சீரியம், நியோடிமியம் என்கிற இலேசான வகை. தேர்வில் இரண்டு கூற்றுகளைக் கொடுத்து ஆளைச் சாய்ப்பது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது, அதை விட்டுவிட்டு முதன்மைத் தேர்வில் நல்ல விடை எழுத முடியாது. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தைக் கடற்கரை ஊர்கள் ஏன் எதிர்க்கின்றன? கதிர்வீச்சு பற்றிய பயம், கடல் அரிப்பு, வீடும் வலையும் கட்டுமரமும் இருக்கிற மணல் அது. 2025 செப்டம்பரில் அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் எடுக்கும் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. நாட்டின் கனிமத் தேவையும் உண்மை, மக்களைக் கேட்காமல் முடிவெடுப்பது தவறு என்பதும் உண்மை. 2017-ல் ஒக்கி புயல் வந்தபோது எச்சரிக்கை போய்ச் சேரும் முன்னே கடலுக்குப் போய்விட்டவர்களின் ஊர்களில் இருந்துதான் இதை எழுதுகிறேன். இந்தத் தேர்வில் ஜெயித்து அதிகாரியாக வருகிறவர் இதைப் படித்திருக்க வேண்டும்.

மலையோரம்:
இப்போது கொஞ்சம் பிடிபடுகிறது. அப்படியானால் நாராயணன் இஸ்ரோ தலைவர் ஆனது, நம்மூர்க்காரர் என்பதால் பேப்பரில் வெட்டி வைத்தேனே, அதிலிருந்தும் நூல் பிடிக்கலாமா?

தேரூர்க்காரன்:
தாராளமாக. அவர் மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் ராக்கெட் என்ஜினில் வேலை செய்தவர். அங்கிருந்து இஸ்ரோவின் மகேந்திரகிரி உந்துவிசை வளாகம், அப்புறம் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய, தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினம் ஏவுதளம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டும், அதில் எரிபொருள் வீணாகும். குலசேகரன்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே போகலாம், எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய லாபம்.

நாகர்கோவில் அக்கா:
குரூப் 1 பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அங்கே முதல்நிலையில் 200 கேள்வி, 300 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு கிடையாது. நேரடியான தகவல் கேள்விகளும் வரும், அதனால் இந்த விஷயத்தில் தேரூர்த் தம்பியோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. மட்டி வாழைக்கும் கன்னியாகுமரி கிராம்புக்கும் தோவாளை மாணிக்க மாலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது, திருவள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-ல் திறந்தது, இவற்றை அப்படியே தெரிந்து வைத்திருக்கத்தான் வேண்டும். இந்தத் தகவல்களுக்கு ஒரு சின்ன நோட்டு தனியாகப் போடு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் புரட்டு. மற்ற நாள் நூல் பிடிக்கிற படிப்பு.