எஃப்-150 பெட்டுக்கு டூல்பாக்ஸ்: குறுக்குப் பெட்டியா, பக்கப் பெட்டியா, இழுப்பறையா?

நீர்க்குழாய்:

வணக்கம் எல்லோருக்கும். டொரொன்டோ, ஸ்காபரோவில் பிளம்பிங் வேலை செய்கிறேன். இவ்வளவு காலமும் கம்பெனியின் வான் வண்டியில்தான் ஓடினேன், இந்த வசந்தத்தோடு சொந்தமாக ஆரம்பிக்கிறேன். கையில் இருப்பது 2019 ஃபோர்ட் எஃப்-150 பிக்அப், நாலு கதவு, பின்னால் சாமான் ஏற்றுகிற திறந்த பெட் ஐந்தரை அடி. பின் சீட்டைச் சாமான் போட எடுக்க முடியாது, சனி ஞாயிறு பிள்ளைகள் ஏறுவார்கள். அதனால் கருவி எல்லாம் பெட்டில்தான் இருக்க வேண்டும்.

கடைக்குப் போனால் தலை சுற்றுகிறது. கேபினுக்குப் பின்னால் குறுக்கே வைக்கும் கிராஸ்ஓவர் பெட்டி, இரண்டு பக்கச் சுவரிலும் பூட்டும் நீளப் பெட்டி, பெட் முழுவதையும் பிடிக்கும் இழுப்பறை, எல்லாமே நல்லது என்றுதான் கடைக்காரர் சொல்கிறார். என்னிடம் இருப்பவை: பைப் இணைப்பை நெரித்து இறுக்கும் பிரெஸ் டூல், பெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் பைப்புக்கான கருவிகள், அடைப்பு எடுக்கும் நடுத்தர ட்ரெயின் ஸ்னேக் ஒன்று, பெரிய ஸ்பானர்கள், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் மில்வாக்கி பாக்அவுட் பெட்டிகளில் ஃபிட்டிங்ஸ். செப்புப் பைப்பும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் பைப்பும் பெட்டுக்கு மேலே பூட்டும் கம்பிச் சட்டத்தில், அதாவது ராக்கில் போகும், ராக் இன்னும் வாங்கவில்லை. இரவில் வண்டி நிற்பது அபார்ட்மெண்டின் திறந்த பார்க்கிங்கில், அதுதான் பெரிய கவலை. டூல்பாக்ஸுக்கு ஆயிரம் டொலர் வரை ஒதுக்கியிருக்கிறேன். வேலைக்குப் பாவிக்கிற ஆட்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பிரம்டன் மின்வேலை:

தம்பி, பெட்டியைப் பார்க்க முன்னர் உங்கள் பெட்டை அளந்துவிடுங்கள். உங்கள் ஐந்தரை அடி பெட்டின் தரை நீளம் கிட்டத்தட்ட 67 அங்குலம், ஆழம் 21 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், சில்லு மேடுகளுக்கு இடையில் 50 அங்குலத்துக்குச் சற்று மேல். குறுக்குப் பெட்டி முன்பக்கம் 20 அங்குலம் வரை பிடிக்கும் என்று வையுங்கள், மேலே உங்களுக்கு நாலடிதான் மிச்சம்.

ஆனால் பலர் கவனிக்காத ஒன்று, அந்தப் பெட்டி தரை வரை இறங்காது. சுவர் விளிம்பில் தொங்கி நிற்கும், மொடலைப் பொறுத்து அடியில் ஆறேழு அங்குல இடைவெளி இருக்கும். நாலுக்கு எட்டு பிளைவுட், ட்ரைவால், நீளப் பைப் எல்லாம் அதற்குக் கீழே சறுக்கிக்கொண்டு கேபின் வரை போய்விடும். உங்கள் பெட்டில் பின்கதவை, அதாவது டெயில்கேட்டை இறக்கினாலும் எட்டடிப் பலகை கொஞ்சம் வெளியே நீட்டும், அது வேறு கதை, கட்டிக்கொண்டு போகலாம். கொள்ளளவு கூட என்று ஆழமான பெட்டியை எடுத்தால் இந்த இடைவெளி போய்விடும், அடியில் கிடக்கிற ஸ்பானரை எடுக்கப் பாதி உடம்பைப் பெட்டிக்குள் விட வேண்டியும் வரும். இப்போதைய எஃப்-150 உயரமான வண்டி, நிலத்தில் நின்றுகொண்டு கையைவிட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

மூடி ஒற்றையா, இரட்டையா என்பதுதான் அடுத்த கேள்வி. ஒற்றை மூடியில் நீளமான சாமான் வைக்கலாம், ஆனால் ஒரு பக்கம் நின்று திறந்தால் மற்றப் பக்க மூலை கைக்கு எட்டாது. கல்-விங் என்கிற இரட்டை மூடியில் நடுவில் ஒரு பட்டை வரும், நாலடி லெவல் கம்பை நுழைக்கச் சிரமப்படும், ஆனால் ட்ரைவர் பக்கம் ஒன்று, நடைபாதைப் பக்கம் ஒன்று என்று இரண்டு தனிப் பெட்டி மாதிரிப் பாவிக்கலாம். தெருவோரம் நிறுத்தி வேலை செய்கிறவனுக்கு நடைபாதைப் பக்கம் நின்றே எல்லாம் எடுக்க முடிவது பெரிய விஷயம். பிளம்பருக்கு நான் இரட்டை மூடிதான் சொல்வேன்.

ராக் வாங்கவில்லை என்றீர்கள், நல்லதாகப் போயிற்று. பெட்டியும் ராக்கும் ஒரே சுவர் விளிம்பில்தான் உட்காரும். ராக்கின் முன் கால், விளிம்பில் உட்காரும் பெட்டியின் காதில் இடித்தாலோ, மூடி மேலே எழும்பிக் குறுக்குக் கம்பியில் தட்டினாலோ இரண்டில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். இரண்டையும் ஒரே நாளில், ஒரே கடையில், வண்டியை வாசலில் நிறுத்தி வைத்துத் தெரிவு செய்யுங்கள்.

உப்புத்தெரு:

அளவைப் பற்றி அண்ணை சொல்லிவிட்டார், நான் உலோகத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ஒன்ராறியோவில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை தெருவில் கொட்டுகிற உப்புத்தான் பெட்டியைத் தின்பது.

2015 மொடலில் இருந்து எஃப்-150-யின் உடலும் பெட்டும் அலுமினியம். அதன்மேல் பூச்சு விட்டுப்போன இரும்புப் பெட்டியோ வெறும் இரும்பு போல்ட்டோ நேரடியாக உட்கார்ந்து, இடையில் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் இரண்டு உலோகத்துக்கும் இடையில் மின்வேதி அரிப்பு தொடங்கும், அதில் கரைவது அலுமினியம், அதாவது உங்கள் வண்டி. பெயின்ட் இருக்கும்வரை பாதுகாப்பு உண்டு, ஆனால் பெட்டி அதிர்ந்து உரசுகிற இடத்தில் பெயின்ட் எவ்வளவு நாள் நிற்கும்? ஆகவே எந்தப் பெட்டி எடுத்தாலும் விளிம்புக்கும் பெட்டிக்கும் இடையில் முழு நீளத்துக்கு இறப்பர் பட்டி போடுங்கள். கூட வரும் மெல்லிய நுரை டேப்பை நம்ப வேண்டாம், அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

உருக்கா அலுமினியமா என்றால் இந்த வண்டிக்கு அலுமினியம்தான். கன அளவுக்குப் பார்த்தால் உருக்கின் மூன்றில் ஒரு பங்கு எடை, ஆனால் தகட்டைத் தடிப்பாகப் போடுவதால் பெட்டியாகத் தூக்கும்போது அவ்வளவு வித்தியாசம் இராது. வைர வடிவம் பதித்த தகட்டில் 0.063 அங்குலம், அதாவது 1.6 மில்லிமீற்றர், சாதாரணமாகக் கிடைக்கும். அதற்குக் குறைந்தால் வாங்காதீர்கள். தகட்டை விட முக்கியம் மூடியின் உள்பக்கம்: மூடியைத் திறந்து ஒரு மூலையைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள், உள்ளே இரண்டாவது தகடோ நுரையோ வைத்து இறுக்கியிருந்தால் முறுக்க முடியாது. திருடன் கம்பியை விட்டு நெம்புவது அந்த மூலையில்தான், பூட்டில் இல்லை. நீளமான ஒற்றை மூடி என்றால் இரண்டு இடத்தில் பிடிக்கிற பூட்டு கட்டாயம் வேண்டும்.

பெட்டியை வண்டியில் பொருத்தும்போது துளை போட அவசியமில்லை, ஜே வடிவக் கொளுக்கி சுவர் விளிம்பின் அடியைப் பிடிக்கும், நட் பெட்டிக்கு உள்ளே வரும். மூடி பூட்டியிருந்தால் நட்டைக் கழற்ற முடியாது, அதுதான் பாதுகாப்பு. ஓட ஆரம்பித்துச் சில நாளில் கட்டாயம் திரும்ப இறுக்குங்கள், இறப்பர் அமுங்கிக் கொளுக்கி தளர்ந்திருக்கும்.

பனிக்காலத்தில் பூட்டுக்குள் தண்ணீர் போய் உறைந்துவிடும், சாதாரண எண்ணெய் விட்டால் குளிரில் தடித்து இன்னும் மோசமாகும். கிராஃபைட் தூளோ டெஃப்லான் கலந்த உலர் ஸ்பிரேயோ போடுங்கள். திறப்பில் பொறித்திருக்கும் இலக்கத்தை எங்காவது எழுதி வையுங்கள், தொலைந்தால் அதை வைத்துத்தான் புதியது எடுக்க வேண்டும்.

ஏஜாக்ஸ் தச்சன்:

எல்லோரும் குறுக்குப் பெட்டியையே சொல்கிறீர்கள், நான் அதற்கு ஒத்துவரமாட்டேன். பிளம்பருக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை ஃபிட்டிங் எடுக்க வேண்டி வரும்? ஆழமான பெட்டியில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கிடக்கிற சாமானைக் கிளறுவதே வேலையாகிவிடும். டெக்ட் (Decked) கம்பெனியுடையது மாதிரியான இழுப்பறை போட்டால் டெயில்கேட்டை இறக்கி இழுத்தவுடன் முழுவதும் கண்முன்னால் இருக்கும். ஒரு இழுப்பறை 200 இறாத்தல் தாங்கும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். டெயில்கேட்டைப் பூட்டிவிட்டால் உள்ளே கருவி இருப்பது வெளியில் தெரியாது. பளபளக்கிற வைரத்தகட்டுப் பெட்டி தூரத்திலேயே ‘இதற்குள் கருவி இருக்கிறது’ என்று சொல்லும், திறந்த பார்க்கிங்கில் நிறுத்துகிறவருக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம்.

குறையும் சொல்கிறேன். பெட்டின் தரை சுமார் ஓரடி உயர்ந்துவிடும், பழைய வாட்டர் ஹீட்டரை நிமிர்த்தி ஏற்றுகிற ஆளுக்கு அது கஷ்டம். வண்டியின் பின்பக்கத்தை ஒரு கட்டடச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் இழுக்க முடியாது. ஆயிரம் டொலருக்குள் புதிதாகக் கிடைக்காது. இந்த மூன்றும் உங்களுக்குப் பிரச்சினை இல்லை என்றால் வேறு எதையும் பார்க்காதீர்கள்.

நீர்க்குழாய்:

மிக்க நன்றி, மூவருக்கும். வாட்டர் ஹீட்டர் மாற்றுவதுதான் எனக்கு வருகிற வேலையில் பாதி, அதனால் தரையை உயர்த்த முடியாது, இழுப்பறை எனக்கு இல்லை. இரட்டை மூடிக் குறுக்குப் பெட்டி, அலுமினியம் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். இரண்டு சந்தேகம்: சாலிடர் பிடிக்கிற புரொப்பேன் சிலிண்டரை இதற்குள் வைக்கலாமா? அப்புறம் பாக்அவுட் பெட்டிகள் உள்ளே போகுமா?

காற்றுவழி:

முதல் கேள்விக்கு வைக்கக் கூடாது என்பதுதான் பதில், தயவுசெய்து இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். புரொப்பேன் காற்றை விடப் பாரம், வால்வு கொஞ்சம் கசிந்தாலும் மூடிய பெட்டியின் அடியில் தேங்கி நிற்கும். மழை போகாமல் இறப்பர் சீல் போட்ட பெட்டி வாயுவையும் வெளியே விடாது. அதே பெட்டிக்குள் பற்றரியும் பவர் டூலும் இருந்தால் ஒரு சிறு பொறி போதும். டோர்ச் தலையைக் கழற்றிவிட்டுச் சிலிண்டரைத் திறந்த பெட்டில், நிமிர்த்தி, விழாமல் கட்டி வையுங்கள், வேலை முடிந்ததும் வண்டியிலிருந்து இறக்கிவிடுங்கள். ஏபிஎஸ் ஒட்டும் பசையும் எளிதில் தீப்பிடிக்கும், டின்னை இறுக்க மூடாமல் பெட்டிக்குள் போடாதீர்கள்.

பாக்அவுட் பெட்டியைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் இறக்கிப் பாருங்கள். குறுக்குப் பெட்டியின் கீழ்ப்பகுதி சில மொடலில் பக்கவாட்டில் ஒடுங்கி வரும், வெளி அளவை நம்பி வாங்கினால் பெரிய பெட்டி மூடிக்கு மேலே எழும்பி நிற்கும். ஒல்லியான ஓகனைசர் பெட்டிகள் பெரும்பாலும் போகும், சில்லு வைத்த பெரியது போகாது, அதைப் பெட் தரையில் குறுக்குப் பெட்டிக்குப் பின்னால் கட்டி வைப்பதுதான் வழி, இரவில் வீட்டுக்குள் எடுக்கலாம். பிரெஸ் டூலையும் பற்றரியையும் எப்படியும் இரவில் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், லித்தியம் பற்றரி உறைநிலைக்குக் கீழே கிடந்து வந்தால் சூடாகும்வரை சார்ஜரில் போடக் கூடாது.

ட்ரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரையும் பாருங்கள், ஆட்களும் சுமையும் சேர்ந்து எவ்வளவு போகலாம் என்று கிலோவில் இருக்கும். பெட்டி, ராக், கருவி, பைப், நீங்கள், உதவியாள், ஒரு வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். காப்புறுதி முகவரிடம் பெட்டி வண்டியோடு சேர்ந்ததா, உள்ளே இருக்கும் கருவிக்குத் தனிக் காப்புறுதி வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள், கருவிகளின் சீரியல் இலக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

பிரம்டன் மின்வேலை:

தம்பி, பெட்டுக்குள் அப்படியே இறக்கி வைக்கிற டிராப்-இன் பிளாஸ்டிக் லைனர் (உள்ளுறை) இருந்தால் அதன் விளிம்பு சுவருக்கு மேல் மடிந்திருக்கும், கொளுக்கி பிடிக்காது, அந்த இடத்தை வெட்ட வேண்டும். பூச்சாக அடிக்கிற ஸ்பிரே லைனர் என்றால் பிரச்சினை இல்லை. பெட்டுக்கு மூடி போடுகிற எண்ணம் இருந்தால் முழு நீளத்தை வாங்கிவிடாதீர்கள், குறுக்குப் பெட்டிக்குப் பின்னால் நிற்கிற குட்டை மூடி தனியாகவே விற்கிறார்கள். மாத முடிவில் பிரின்செஸ் ஆட்டோ கடைப் பக்கம் போகிறேன், அங்கே இருக்கும் பெட்டிகளின் உள் அளவை எடுத்து இங்கேயே போடுகிறேன்.